யாரும் பார்க்காத கடைசி ரீல்

அந்தப் படத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சமையலை முடித்துவிட்டு, சிதம்பரத்தில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கடலூர் முதுநகரில் இருக்கும் என் தம்பிக்கு இப்போதும் வேர்க்கும். எங்கள் ஊரில் யாரும் அதைப் பெயர் சொல்லிப் பேசி நான் கேட்டதில்லை. "அந்தப் படம்" என்றால் எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கதவைச் சாத்துவதா வேண்டாமா என்பதிலேயே கொஞ்ச நேரம் போனது. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். வாசலை ஒட்டித்தான் மெஷின் போட்டிருக்கிறேன். பகலில் என் கதவு சாத்தியிருந்தால், உடம்புக்கு என்னவோ என்று தெருவே விசாரிக்க வந்துவிடும். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த விசாரிப்பு ஜாஸ்தியாகிவிட்டது. திறந்து வைக்கலாம் என்றால் டிவி வாசலுக்கு நேராக இருக்கிறது. கடைசியில் கதவைப் பாதி சாத்தி, வாசல் ஸ்கிரீனை இழுத்துவிட்டு, சவுண்டைக் குறைத்து வைத்துக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு பொம்பளை, சொந்த வீட்டில், சொந்த டிவியில் ஒரு படம் பார்க்க இத்தனை ஏற்பாடு. எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

அந்தப் படம் முதலில் வந்தபோது நான் முதுநகரில் தையல் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். ஜங்ஷன் பக்கம் போகிற ரோட்டில் ஒரு தியேட்டர் இருந்தது. மற்ற காட்சிகளுக்கு ஊரே குடும்பத்தோடு போகிற படம் ஓடும். காலைக் காட்சிக்கு மட்டும் 'ஏ' போட்ட படம். இது வேறு பாஷையில் எடுத்துத் தமிழில் பேச வைத்தது. போஸ்டரில் ஈரப் புடவையோடு ஒருத்தி அரிவாளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் மார்பின் குறுக்கே வெள்ளைப் பேப்பர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பேப்பரை ஒட்டியதால்தான் ஊர்க்கண் முழுக்க அந்த இடத்துக்கே போனது என்று நினைக்கிறேன்.

நான் பார்த்தது அவள் முகத்தை. அழப்போகிறாளா, அடிக்கப்போகிறாளா என்று தெரியாத முகம். கிளாஸுக்குப் போகும்போதும் வரும்போதும் தலையைக் குனிந்துகொண்டே, கண்ணை மட்டும் தூக்கி, ஒரு பார்வை பார்த்துவிடுவேன். யார் இவள், கையில் எதற்கு அரிவாள், யாரை வெட்டப் போகிறாள். அம்மாவிடம் கேட்டால் அடி விழும். கூடப் படித்த பெண்களிடம் கேட்டால் அதுவும் அம்மாவிடம்தான் போய்ச் சேரும். ஒரு நாள் அவள் மேல் ஒரு சாமி படப் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தேன். அவர் குமராட்சிப் பக்கத்து ஆள். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். காலேஜ் படித்தது மட்டும் கடலூரில், ரூம் எடுத்துத் தங்கி. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் காய்ந்த வடகத்தை எடுத்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் "ஒங்க முதுநகர் தியேட்டர்லதான் அந்த..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் விடுவேனா.

"எந்த?"

"ஒன்னுமில்ல. சும்மா ஒரு படம்."

"அரிவாளோட நிப்பாளே, அதுவா?"

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வாத்தியார் பெண்டாட்டிக்கு இது எப்படித் தெரியும் என்று அவருக்கு அதிர்ச்சி. போஸ்டரை மட்டும்தான் பார்த்தேன் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் அவர் ஒத்துக்கொண்டார். மச்சானோடு போனாராம். மச்சான் என்றது அவரோடு கூடப் படித்த நண்பரை. முதுநகர்க்காரர். இவருக்கு மச்சான் என்றால் எனக்கு அண்ணன். அப்படித்தான் நான் அவரைக் கூப்பிட்டு வந்தேன்.

"கதையச் சொல்லுங்க" என்றேன்.

"அதுல என்னா கதை இருக்குது. ஒரு பொண்ணு மலையடிவாரத்துல அப்பாவோட இருக்கறா. எஸ்டேட்காரன் ஆளுங்க வந்து அப்பன அடிச்சிக் கொன்னுடறானுங்க. அவளயும் நாசம் பண்ணிடறானுங்க. அவ ஒவ்வொருத்தனா தேடிப் போயி வெட்டறா."

"எல்லாரயும் வெட்டிட்டாளா?"

"வெட்டிட்டா."

"அப்பறம்?"

"அப்பறம் தெரியாது."

"படம் பாத்தேன்னு சொன்னீங்க?"

"பாத்தேன். முடிவு பாக்கல."

விஷயம் இதுதான். அந்தத் தியேட்டருக்கு வெளியே போக ஒரே கேட். காலைக் காட்சி விடுகிற நேரத்தில், அந்தக் கேட்டுக்கு எதிரிலேயே மேட்னிக்கு லேடீஸ் வரிசை நிற்க ஆரம்பித்துவிடும். அம்மா, சித்தி, ஹவுஸ் ஓனர் அக்கா, தெரிந்தவர் தெரியாதவர் என்று முதுநகர்ப் பொம்பளைகள் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். லைட் போட்ட பிறகு எழுந்து வந்தால் அத்தனை பேர் கண்ணிலும் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். அதனால் காலைக் காட்சி ஆம்பளைகள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கடைசி வில்லன் செத்ததும் இருட்டோடு இருட்டாக எழுந்து, முகத்தைக் கைக்குட்டையால் துடைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக நழுவிவிடுவார்கள். பொம்பளைகள் வந்து சேர்வதற்குள் சைக்கிள்கள் எல்லாம் போய்விட்டிருக்கும். லைட் போடும்போது தியேட்டரில் ஆப்பரேட்டரும் மூட்டைப்பூச்சியும்தான்.

"அந்தப் படத்துக்கு முடிவு என்னான்னு கடலூர்ல ஒரு ஆம்பளைக்கும் தெரியாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அத்தனை தைரியமாக உள்ளே போய் உட்கார்ந்தவர்கள், அம்மாவுக்குப் பயந்து முடிவைப் பார்க்காமல் ஓடியிருக்கிறார்கள். ஆனாலும் அன்றைக்குச் சோறு போடும்போது மறுபடி கேட்டேன், அவ என்னதான் ஆனா என்று. அவர் சாதத்தைப் பிசைந்தபடி, "இன்ஸ்பெக்டர் அவளயே கட்டிக்கிட்டாரு" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு விளையாட்டானது. நான் கேட்பேன், அவர் ஒரு முடிவு சொல்வார். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்ல மாட்டார். நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், "கடைசியில ஒரு பாவமும் அறியாத சயின்ஸ் வாத்தியார் ஒருத்தரயும் வெட்டிட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் சிரித்துவிட்டால் சண்டை முடிந்தது. எங்களுக்கு மகன் பிறந்தபோது அவளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. தேர்தல் சமயத்தில் கவுன்சிலருக்கு நின்று ஜெயித்தாள். காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை போட்டாள், சாம்பார் சரியில்லை என்ற ஒருத்தனை முறைத்தே அனுப்பினாள்.

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, குமராட்சிப் பக்கம் மாமனார் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த வருஷம், நாங்களும் அங்கே மாட்டிக்கொண்டோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரோடும் தங்கியிருந்தோம். வயல் போய்விட்டது, வீட்டில் இருந்த நெல்லும் போய்விட்டது. அவர் யாரோடும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் காதோரம் போய், அவ என்ன ஆனா என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "அவளுக்கு நீச்சல் தெரியும்" என்றார். அப்புறம் எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

படத்தை அவர் தேடாமல் இல்லை. கேசட் கடை இருந்த காலத்தில் கேசட் கடை, சிடி வந்ததும் சிடி கடை. வாத்தியாராக இருந்துகொண்டு நேராகக் கேட்க முடியாது என்பதால் சுற்றி வளைத்துக் கேட்பார். பிரிண்டே எங்கும் இல்லை, வீணாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று பேச்சு. நடுவில் நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பார். நீங்கள் மூடிக்கொள்ளுங்கள், ஏற்கெனவே பார்த்தவர்தானே என்பேன்.

அவர் பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பேசினால் மூச்சு வாங்கியது. அதனால் அன்றைக்கு நான்தான் முடிவு சொன்னேன். அவள் சிதம்பரம் வந்து, ஒரு மெஷின் வாங்கிப் போட்டு, பிளவுஸ் தைத்துப் பிழைத்தாள் என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப என்னாதான் ஆனா?"

"யோசிச்சி சொல்றேன்" என்றார்.

டாக்டர் வந்து என்னை வெளியே இருக்கச் சொன்னார். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. யோசித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் போன பிறகு சொந்தக்காரர்கள் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். அதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று. "இனிமே ஒனக்கென்ன, காலையில எழுந்து டிபன் கட்டணும்னு இல்ல, யாருக்கும் பதில் சொல்லணும்னு இல்ல. நிம்மதியா இரு" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கோ டிபன் கட்ட ஆள் வேண்டும், பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று இருந்தது. இப்போது பாதி டம்ளர் அரிசி போட்டாலும் சாதம் மீந்துபோகிறது. சில நாட்களில் கை எவ்வளவு, கழுத்து எவ்வளவு, எப்போது வேண்டும் என்பதைத் தவிர வாயிலிருந்து வேறு வார்த்தை வருவதில்லை. அளவு எடுக்கும்போது தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. வருகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். முன்பு உட்கார்ந்து கதை பேசியவர்கள் இப்போது துணியைக் கொடுத்துவிட்டு நின்றபடியே போய்விடுகிறார்கள்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டு முடித்ததும் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனாகவே உற்சாகமாக ஆரம்பித்தான்.

"அம்மா, ஒரு பழைய படம், எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதத்தான் பேசறாங்க. எங்கயோ ஒரு குடோன்ல பிரிண்ட் கெடச்சி, சுத்தம் பண்ணி யூடியூப்ல போட்டுட்டாங்க. கல்ட் கிளாசிக்காம். ரூம்ல எல்லாரும் ஒக்காந்து பாத்து சிரிச்சி வயிறே வலிச்சிப் போச்சி." பெயரைச் சொன்னான்.

"அதெல்லாம் நாங்க பாத்ததில்லப்பா" என்றேன்.

"ஒங்க காலத்துல வந்த படம்தாம்மா. அப்பால்லாம் பாத்திருக்க மாட்டாரு."

"மாட்டாரு."

"அதுவும் அந்த க்ளைமாக்ஸ் இருக்குதே..."

"சொல்லாத" என்று கத்திவிட்டேன். அவன் பயந்துபோய், ஏன்மா, என்னாச்சு என்றான். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். போஸ்டரைப் பார்த்த நாளிலிருந்து தெரிந்துகொள்ள நினைத்த விஷயம், இப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பார்க்கவும் ஆசை, பார்க்கவும் பயம். பார்க்காமல் விட்டால், அவர் எனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. யோசிச்சி சொல்றேன் என்று சொன்ன மனுஷன் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார். பார்த்துவிட்டால் அந்த இன்ஸ்பெக்டர், இட்லிக் கடை, கவுன்சிலர் எல்லாம் பொய் என்றாகிவிடும். எங்கள் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். இதை யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னால், ஒரு கண்றாவிப் படத்துக்காகவா இவ்வளவு என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எதற்காகத் துணிந்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரசம் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த நேரத்துக்கு எந்த வாடிக்கைக்காரியும் வரவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஏதாவது ஒரு குரல் கேட்டால் போதும் என்று இருந்தது. ரிமோட்டை எடுத்தேன்.

ஆரம்பத்தில் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. இதற்கா இத்தனை வருஷம் என்று இருந்தது. எஸ்டேட்காரனுக்கு வைத்த விக் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரத்தம் ரோஸ்மில்க் நிறம். வாய் ஒன்று பேசுகிறது, சத்தம் ஒன்று வருகிறது. அப்பா செத்துக் கிடக்கும்போது வயிறு ஏறி இறங்குகிறது. தையல்காரி கண்ணுக்கு இன்னொன்றும் தப்பவில்லை. அவள் பிளவுஸ் இடது தோளில் கிழிகிறது, அடுத்த நிமிஷம் வலது தோளில் கிழிந்திருக்கிறது, ஓடும்போது முழுசாக இருக்கிறது. ஒரே அளவில் நாலைந்து தைத்து வைத்திருக்கிறார்கள், எதுவும் அவளுக்குச் சரியாக இல்லை. அக்குளில் பிடித்து இழுக்கிறது. மகன் சிரித்ததில் ஆச்சரியம் இல்லை. நானும் சிரித்தேன்.

அருவிக் காட்சி வந்தது. போஸ்டரில் இருந்த காட்சி. ஊர் ஆம்பளைகள் எல்லாம் இதற்காகத்தான் போனார்கள். அவள் அருவியில் நிற்கிறாள், பாட்டு ஓடுகிறது, கேமரா அவள் மேல் எங்கெல்லாமோ போகிறது. படத்தை நன்றாகக் கழுவித் துடைத்திருக்கிறார்கள் என்பதால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவள் கையில் மயிர் சிலிர்த்து நிற்பது தெரிந்தது. தாடை நடுங்குவது தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் குளிருகிறது. அப்போது அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் தையல் கிளாஸுக்கு நடந்து போன அதே நாட்களில், அவளை எங்கேயோ ஒரு அருவியில் நிறுத்தி, குளிருதுன்னு சொன்னாலும் விடாமல், இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று எடுத்திருப்பார்கள்.

எனக்கு அவர் மேல் பயங்கரக் கோபம் வந்தது. கதை சொல்லும்போதெல்லாம் இதைச் சொல்லவே இல்லையே. நீங்களும் மச்சானும் வாயைப் பிளந்துகொண்டுதானே பார்த்தீர்கள், அவ நடுங்குறது ஒங்க கண்ணுல படலியா என்று கேட்க வேண்டும். அவர் முதலில் சமாளிப்பார். நான் விட மாட்டேன். பேச்சு முற்றும். நான் சோறு போடாமல் போய்ப் படுத்துக்கொள்வேன். அவரே தட்டு வைத்துக்கொண்டு, எனக்கும் ஒன்று வைத்துவிட்டுக் கூப்பிடுவார். முழுச் சண்டையும் எனக்குத் தெரிகிறது. போட ஆள் இல்லை. அவர் இல்லாததை அன்றைக்கு மாதிரி வேறெந்த நாளும் நான் உணர்ந்ததில்லை. திவசத்தன்று கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல். எதிர்வீட்டுப் பெண், ஸ்கிரீனை விலக்கி எட்டிப் பார்த்தாள். நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, பிளவுஸ் ஆயிடுச்சா? என்னாக்கா படம்?"

"ஏதோ பழைய படம். தானா ஓடுது."

"அருவில்லாம் நல்லாருக்கு. குத்தாலமா?"

"இருக்கும். நாளைக்கி வா, ஹூக் வைக்கணும்."

அவள் போய்விட்டாள். கொஞ்சம் உட்காரச் சொல்லியிருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது. அவள் கூட இருந்திருந்தால் எப்படிப் பார்ப்பது என்றும் தோன்றியது.

அவர் சொன்ன கதை வரிசை மாறாமல் நடந்தது. அவள் ஒவ்வொருத்தனாகத் தேடிப் போனாள். விக் வைத்த எஸ்டேட்காரன் கடைசியாகப் பாறையிலிருந்து உருண்டு விழுந்தான். நான் படத்தை நிறுத்தினேன். இந்த இடத்தில்தான் அவர் எழுந்திருக்கிறார். கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு, முன்னால் மச்சான், பின்னால் இவர். இதுவரைக்கும் அவர் பார்த்த படம். இதற்குமேல் அவரும் பார்த்ததில்லை. நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். துணி மடித்தேன். டிவியில் அவள் அரிவாளோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. வந்து உட்கார்ந்து ஓடவிட்டேன்.

கோர்ட். வக்கீல் ஒருவர் தாய்க்குலத்தைப் பற்றி நீளமாகப் பேசுகிறார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். விடுதலை என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். தட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஒரு பெண் போலீஸ் அவளிடம் ஒரு துணி மூட்டையைக் கொடுக்கிறாள். அவள் அதை வாங்கிக்கொண்டு கோர்ட் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறாள். ரோடு இந்தப் பக்கமும் போகிறது, அந்தப் பக்கமும் போகிறது. ஒரு பஸ் வந்து நிற்கிறது, போகிறது. அவள் ஏறவில்லை. இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று டைரக்டரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. கடைசியில் நேராக நம்மைப் பார்க்கிறாள். முற்றும் என்று எழுத்து வந்து அவள் முகத்தை மூடிவிட்டது.

"ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டேன், சத்தமாகவே. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் படத்தில் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டிவி அதுபாட்டுக்கு மீன்குழம்பு வைப்பது எப்படி என்று இன்னொரு வீடியோவுக்குப் போய்விட்டது.

யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் என்று இருந்தது. மகனிடம் சொல்ல முடியாது. அவன் சிரித்துவிட்டான். மிச்சம் இருப்பது ஒரே ஆள், முதுநகர் அண்ணன். என் வீட்டுக்காரர் காரியத்தன்று வந்தவர், ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. நண்பன் போன பிறகு நண்பன் பெண்டாட்டியோடு போனில் பேசுவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. அவர் மேல் தப்பு இல்லை. இருந்தாலும் நம்பரைத் தேடிப் போட்டேன்.

"அண்ணே, சிதம்பரத்துலேர்ந்து நான்தான்."

"சொல்லும்மா. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாதாண்ணே இருக்கேன். நீங்களும் அவரும் காலேஜ் படிக்கறப்ப ஒரு படம் போனீங்களே." பெயரைச் சொன்னேன். "அத இன்னைக்கிப் பாத்தேன்."

அந்தப் பக்கம் பேரக்குழந்தை அழுவதும் யாரோ தட்டு வைப்பதும் கேட்டது.

"எனக்கு அப்டி எதுவும் ஞாபகம் இல்லியேம்மா."

"காலைக் காட்சிண்ணே. முதுநகர் தியேட்டர்ல."

"நான் அந்த மாரிப் படத்துக்கெல்லாம் போனதே இல்லம்மா. அவன் வேற யார் கூடயாவது போயிருப்பான்." வீட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்கிற மாதிரி குரல் கொஞ்சம் ஓங்கி வந்தது. "மருமவ சோறு போட்டுட்டுது. அப்பறம் பேசறேன்."

வைத்துவிட்டார். எனக்கு முகம் எரிந்தது. இந்த வயசில் ஒரு பெரிய மனுஷருக்குப் போன் போட்டு இதைப் போய்ப் பேசினேனே என்று வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அவரோடு கூடப் போய் உட்கார்ந்த ஒரே ஆள், தான் போகவே இல்லை என்கிறார். அப்படியானால் அந்தச் சாயங்காலம், வடகம், எங்கள் பேச்சு எல்லாவற்றுக்கும் சாட்சி என்று இனி நான் மட்டும்தான். நானும் போய்விட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றாகிவிடும். ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணின் பிளவுஸுக்கு ஹூக் வைக்க உட்கார்ந்தேன். நூல் கோக்கவே நேரம் பிடித்தது.

சாயங்காலம் போன் அடித்தது. அண்ணன் நம்பர். எடுத்தால் அந்தப் பக்கம் லாரி ஹாரன், பேச்சுச் சத்தம், கிளாஸ் கழுவுகிற சத்தம். ரோட்டில் நிற்கிறார்.

"தங்கச்சி, நான் ஜங்ஷன் பக்கம் டீ குடிக்க வந்தேன்" என்றார். குரலை இறக்கியிருந்தார். "வூட்ல வச்சி அதயெல்லாம் பேச முடியாதும்மா. மருமவ இருக்குது, பேரப்புள்ளைங்க இருக்குதுங்க. நீ தப்பா எடுத்துக்காத."

"பரவால்லண்ணே."

அப்புறம் கேட்டார். "கடைசியில அவ என்னம்மா ஆனா?"

"விட்டுட்டாங்கண்ணே. கோர்ட்ல விடுதலை."

"விட்டுட்டாங்களா." அவருக்கு நிஜமாகவே நிம்மதி. மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நல்லதாப் போச்சி. அப்பறம்?"

"அப்பறம் வெளிய வந்து நிக்கறா. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம ரோட்லயே நிக்கறா."

"கூட்டிட்டுப் போவ யாரும் வல்லியா?"

"யாரும் வல்ல. பஸ் வருது, அதுலயும் ஏறல. அத்தோட முற்றும் போட்டுட்டான்."

மறுபடி ஒரு லாரி போனது. போய் முடியட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"அவன் இருந்தா அவள இப்டி நடுரோட்ல நிக்க வுட்டிருக்க மாட்டான்மா" என்றார்.

நான் அழுதேன். அவர் போனை வைக்காமல் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.